முதல் கோடு போடும் முன்னால் ஒரு மனுஷன்



எங்கள் அப்பாவின் லாரியில் ஒரு தலையணை இருக்கிறது. படுத்துத் தூங்குவதற்கான தலையணை அல்ல அது. பஞ்சு கட்டி கட்டியாகி, மேலே ஒரு பழைய லுங்கியைச் சுற்றி, சணல் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். வண்டியில் ஏறியதும் அப்பா செய்கிற முதல் வேலை, அதை எடுத்து முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவில் திணிப்பதுதான். சாமி படத்தைத் தொட்டுக் கும்பிடுவதும் சாவி போடுவதும் அதற்கு அப்புறம்.

"அது எதுக்குப்பா?" என்று சின்ன வயசில் கேட்டிருக்கிறேன். "இது இல்லன்னா கிளட்ச் எட்டாது பாப்பா" என்பார். கால் குட்டை, அதனால் தலையணை. குறை அவருடைய காலில் என்றுதான் அவர் நினைத்தார், நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்று வருஷம் மெக்கானிக்கல் படித்து, கம்ப்யூட்டரில் படம் போடக் கற்றுக்கொண்ட பிறகுதான் வேறொரு கேள்வி வந்தது. அந்த சீட்டையும் அந்த கிளட்ச் பெடலையும் யாரோ ஒருத்தர் படமாகப் போட்டிருப்பாரே, அவர் யாருடைய காலை நினைத்துக்கொண்டு போட்டார்?

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

நம் கேட் லேபில் நாம் என்னென்ன வரைந்தோம் என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். ஸ்லீவ் அண்ட் காட்டர் ஜாயின்ட், ப்ளம்மர் ப்ளாக், மெஷின் வைஸ், ஸ்க்ரூ ஜாக்... ஸ்க்ரூ ஜாக்கை எடுத்துக்கொள்வோம். பாடி, ஸ்க்ரூ, நட், கப், டாமி பார் எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. டாமி பாரின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். ஆனால் அந்த டாமி பாரைப் பிடித்துச் சுற்றப்போகிற கை எங்கே? படத்தில் கை இல்லை. ரோட்டோரம் லாரிக்குக் கீழே புகுந்து, ஒரு கை தரையில், ஒரு கை பாரில், தலை சக்கரத்துக்குப் பக்கத்தில் என்று கிடக்கிறாரே கிளீனர், அந்த மனுஷனுக்கு பார் பிடித்துச் சுற்ற இடம் இருக்கிறதா என்று எந்தப் பரீட்சையிலும் கேட்டதில்லை. படத்துக்கு முழு மதிப்பெண் போட்டுவிடுவார்கள். நானும் வாங்கியிருக்கிறேன்.

மனுஷனின் உடம்புக்கும் அவன் செய்யும் வேலைக்கும் கருவியைப் பொருத்துகிற இந்தப் படிப்புக்கு எர்கனாமிக்ஸ் என்று பெயர். தமிழில் பணிச்சூழலியல் என்கிறார்கள். கிரேக்க மொழியில் எர்கான் என்றால் வேலை, நோமோஸ் என்றால் விதி. 1857-லேயே போலந்துக்காரர் யாஸ்ட்ஷெம்போவ்ஸ்கி என்பவர் இந்தச் சொல்லை எழுதிவிட்டார், யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் விமானிகள் தவறான லீவரை இழுத்துச் செத்த பிறகுதான், 1949-ல் இங்கிலாந்தில் மர்ரெல் என்பவர் அதே சொல்லை மறுபடி உருவாக்கி ஒரு சங்கமே ஆரம்பித்தார்கள். நம்மில் பலருக்கு எர்கனாமிக்ஸ் என்றாலே கம்ப்யூட்டர் நாற்காலி விளம்பரம்தான் ஞாபகம் வருகிறது. ஏ.சி. ரூமில் உட்கார்ந்திருப்பவருக்கு இடுப்பு வலி வராமல் இருக்க விற்கும் சமாச்சாரம்! உண்மையில் இது அதிகமாகத் தேவைப்படுவது ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவில் என்பது என் கருத்து.

சும்மா சொல்லவில்லை. அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு அப்பாவைச் சுவரோரமாகக் குந்த வைத்தேன். "இன்னாத்துக்கும்மா இது, சட்டை தைக்கவா?" என்று சிரித்தார். மொத்த உயரம் 160 செ.மீ. உட்கார்ந்த நிலையில் முதுகிலிருந்து முழங்கால் முனை வரை, முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை, பாதத்தின் நீளம், கையை நீட்டினால் எட்டும் தூரம், இப்படி ஒன்பது அளவு எடுத்தேன். அப்புறம் வண்டியிலும் அதே டேப்பால் அளந்தேன். சீட்டின் உயரம், சாயும் பலகையிலிருந்து கிளட்ச் பெடல் வரை தூரம், ஸ்டியரிங் உயரம். லேபில் வந்து முதலில் கேபினைப் பக்கவாட்டுத் தோற்றமாக வரைந்து, அதற்குள் அப்பாவைக் கோடுகளால் உட்கார வைத்தேன். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் திரும்புகிற மாதிரி மூன்று ப்ளாக்.

பெடல் மேலே நிற்கும்போது அப்பாவின் பாதம் அதைத் தொடுகிறது. சரியாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். பக்கத்து சிஸ்டத்தில் இருந்த தோழிதான், "பெடலை முழுசா அமுக்கிப் பாருடி" என்றாள். இதுதான் விஷயம்! நாம் எப்போதும் பாகத்தை அது சும்மா நிற்கிற நிலையில் வரைகிறோம். மனுஷன் அதை வேலை செய்கிற நிலையில் பிடிக்கிறான். பெடலை அடிவரை அமுக்கிய இடத்துக்கு நகர்த்தினேன். அப்பாவின் கால் முழுக்க நீண்டும் ஏழு சென்டிமீட்டர் குறைந்தது.

அன்று ராத்திரி வீட்டுக்குப் போய் தலையணையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அளந்தேன். ஏழரை.

இருபத்திரண்டு வருஷமாக லாரி ஓட்டுகிற எங்கள் அப்பா, ஆறாம் வகுப்பு தாண்டாதவர், ஒரு வடிவமைப்புக் கணக்கைத் தன் முதுகால் போட்டு, கிட்டத்தட்ட அரை சென்டிமீட்டர் துல்லியத்தில் விடை கண்டுபிடித்திருக்கிறார். ஆனால் அந்த விடைக்கு அவர் கொடுத்த விலை தனி. தலையணை முன்னால் தள்ளுவதால் தொடைக்குக் கீழே சீட்டின் முன் விளிம்பு குத்துகிறது. நடு முதுகுக்கு ஆதாரம் உண்டு, இடுப்புக்கு இல்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் குடியிருப்பவர்களுக்கு கன்டெய்னர் லாரி வரிசை பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஜீரோ கேட் பக்கம் வரிசை நீளுகிற நாட்களில் பத்தடி நகர்வது, நிற்பது, மறுபடி பத்தடி. ஒவ்வொரு பத்தடிக்கும் ஒரு தடவை கிளட்ச். அந்த மாதிரி நாளில் வீட்டுக்கு வந்தால் அப்பா இடது காலைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். அம்மா கேட்காமலே தைலத்தை எடுத்து வந்து வைப்பார்.

இதில் யார் மேல் தப்பு சொல்வது? ஒரு கம்பெனியைக் கை காட்டுவது என் நோக்கம் அல்ல. நம் நாட்டில் லாரி பிறந்த விதமே அப்படி. நம் எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் ஆரம்பித்தார்கள், முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டினார்கள், 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆனது. நாட்டில் லாரி செய்கிற எல்லாருமே பல பத்தாண்டுகள் பெரும்பாலும் கேபின் இல்லாத சேசிஸைத்தான் விற்றார்கள். முன்பக்கம் ஒரு தகடு, ஸ்டியரிங், பெடல்கள், அவ்வளவுதான். வெறும் சேசிஸின் மேல் ஒரு தற்காலிக சீட்டைப் போட்டுக்கொண்டு, ஹெல்மெட் மாட்டி, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓட்டிப் போகிற டிரைவர்களை நம் ரோட்டில் பார்க்காதவர் உண்டா? அது நாமக்கல் மாதிரி ஊர்களுக்குப் போய், அங்கே பாடி கட்டுபவர்கள் மரமும் தகடும் வைத்து கேபின் கட்டுவார்கள்.

இப்போது யோசியுங்கள். பெடல் எங்கே வரவேண்டும் என்று முடிவு செய்தவர் ஓர் ஊரில். சீட் எங்கே வரவேண்டும் என்று முடிவு செய்தவர் இன்னோர் ஊரில். இரண்டுக்கும் நடுவில் உட்காரப்போகிறவரை இருவருமே பார்க்கவில்லை! பாடி கட்டுகிற ஆசாரியார்களின் கைத்திறமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஓட்டப்போகிற டிரைவரையே உட்கார வைத்து சீட்டைத் தூக்கி இறக்கித் தருகிறவர்களும் உண்டு என்று அப்பா சொல்வார். ஆனால் பெடல் தொங்குகிற தகட்டை அவர்களால் நகர்த்த முடியாது. அது பிரஸ் டூலில் அடித்த தகடு. அதன் ஓட்டை எங்கே என்று முடிவானது வண்டி பிறப்பதற்கு வெகு காலம் முன்னால், ஒரு டிராயிங் டேபிளில்.

இதனால்தான் 'ஆரம்பத்திலேயே' என்று நான் அழுத்திச் சொல்கிறேன். திரையில் ஒரு பெடலை ஏழு சென்டிமீட்டர் நகர்த்த எனக்கு ஆன செலவு ஒரு மூவ் கமாண்ட். டை செய்த பிறகு அதே ஏழு சென்டிமீட்டருக்கு டையைத் தூக்கிப் போடவேண்டும், பிராக்கெட் மாறும், கம்பியின் நீளம் மாறும், எதிரே பிரேக் குழாய் இடிக்கும். ஆகவே யாரும் மாற்றமாட்டார்கள். தலையணைதான் மாறும்.

நம் திருவொற்றியூரிலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது, இது கொஞ்சம் சுவையானதும்கூட. 1955-ல் இங்கே புல்லட் மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கினார்கள் அல்லவா? பிரிட்டிஷ் வழக்கப்படி கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற வண்டிகளெல்லாம் நேர்மாறு. அமெரிக்கா 1970-களிலேயே எல்லா மோட்டார் சைக்கிளுக்கும் கியர் இடது பக்கம்தான் என்று சட்டம் போட்டுவிட்டது. ஏனென்றால் அவசரத்தில் மனுஷன் யோசிப்பதில்லை, காலுக்கு எது பழக்கமோ அது முந்திக்கொள்ளும். எங்கள் மாமாவிடம் ஒரு பழைய புல்லட் இருந்தது. அதை ஓட்டிவிட்டு இன்னொருவரின் வண்டியை வாங்கி ஓட்டினார் என்றால், பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பார். ஒருநாள் தேரடி அருகே ஒரு இளநீர் வண்டியில் போய் நின்றார்! நல்லவேளை, இளநீருக்கு மட்டும்தான் சேதம். இங்கே புல்லட்டின் கியர் இடது பக்கம் வந்தது 2000-களில்தான், அதுவும் கியர் பாக்ஸையே புதிதாக்கிய பிறகு. கால் பழக்கத்தை மாற்றுவதைவிட கியர் பாக்ஸை மாற்றுவது சுலபம் என்று முடிவாக அரை நூற்றாண்டு ஆனது. (ஒரு நியாயமும் சொல்லவேண்டும். அந்தப் பழைய நாலு கியர் பெட்டியில் குதிகாலால் ஒரு தட்டு தட்டினால் நேராக நியூட்ரலுக்கு வருகிற ஒரு சின்ன லீவர் உண்டு. சிக்னலில் நிற்கிற மனுஷனை நினைத்துச் செய்தது அது. அதைச் செய்தவருக்கு ஒரு கும்பிடு.)

"மனுஷனை கம்ப்யூட்டருக்குள் கொண்டுவருவதெல்லாம் இப்போதைய ஃபாஷன்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இவான் சதர்லாண்ட் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஸ்கெட்ச்பேட் என்ற வரைபட ப்ரோகிராமைச் செய்தது 1963-ல். நம் ஆட்டோகேடுக்கெல்லாம் அதுதான் பாட்டன். அதற்கு அடுத்த வருஷமே போயிங் விமானக் கம்பெனியில் வில்லியம் ஃபெட்டர் என்பவர் கம்ப்யூட்டரில் ஒரு மனித உருவத்தை வரைந்துவிட்டார். எதற்கு? விமானியின் கை எந்த ஸ்விட்ச் வரை எட்டும் என்று பார்ப்பதற்கு. 'போயிங் மேன்' என்று அதற்குப் பெயர். ஆக, கம்ப்யூட்டர் வரைபடமும் அதற்குள் உட்காரும் மனுஷனும் ஏறக்குறைய ஒட்டிப் பிறந்தவர்கள். பின்னால் இங்கிலாந்தில் சாமி, ஜெர்மனியில் ராம்சிஸ், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜாக் என்று ஒவ்வொன்றாக வந்தன. நமக்குத்தான் பாதி சொத்து மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. படம் வந்தது, மனுஷன் வரவில்லை.

கார் வடிவமைக்கிறவர்கள் முதலில் எதை வைக்கிறார்கள் தெரியுமா? நான் இஞ்சின் என்று நினைத்திருந்தேன். ஹெச் பாயின்ட் என்று ஒன்று இருக்கிறது. உட்கார்ந்தவரின் இடுப்பு மூட்டு வருகிற புள்ளி அது. அந்தப் புள்ளியை வைத்துத்தான் பெடல், ஸ்டியரிங், கண்ணாடி, கூரை எல்லாம் எங்கே வரும் என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு இதைப் படித்தபோது ஆச்சரியம் தாங்கவில்லை. ஒரு இடுப்பிலிருந்து ஒரு வண்டி பிறக்கிறது!

சரி, யாருடைய இடுப்பு? இங்கேதான் எல்லாரும் வழுக்கி விழுகிறோம். 'சராசரி மனுஷன்' என்று உடனே சொல்லத் தோன்றும். 1950-ல் அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளை அளந்தது. கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் அதிகாரி அந்த அளவுகளில் பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இந்தப் பத்திலும் சராசரிக்குப் பக்கத்தில் வருகிறவர் எத்தனை பேர் என்று தேடினார். ஒருவர்கூட இல்லை. நாலாயிரம் பேரில் ஒருவர்கூட! உயரம் சராசரி என்றால் கை நீளம், கை சராசரி என்றால் இடுப்பு அகலம். சராசரிக்குச் செய்த சீட் யாருக்குமே செய்யாத சீட். அதற்கப்புறம்தான் நகர்த்திக்கொள்கிற சீட், நகர்த்திக்கொள்கிற பெடல் எல்லாம் கேட்டு வாங்கினார்கள்.

அதனால் 5-ஆவது பெர்சென்டைல், 95-ஆவது பெர்சென்டைல் என்று இரண்டு ஓரத்தையும் வைத்துப் பார்க்கிறார்கள். எட்டவேண்டியதற்குக் குட்டையானவரை வை, இடிக்கக் கூடாததற்கு நெட்டையானவரை வை. பெடல் எங்கள் அப்பாவுக்கு எட்டவேண்டும், கூரை உயரமான டிரைவருக்கு இடிக்கக் கூடாது. இவ்வளவுதான் சூத்திரம்.

ஆனால் சாஃப்ட்வேரில் வருகிற பொம்மை பெரும்பாலும் வெளிநாட்டுப் பொம்மை. அமெரிக்க ஆணின் சராசரி உயரம் சுமார் 175 செ.மீ., நம்முடையது சுமார் 165. பத்து சென்டிமீட்டர் வித்தியாசம். அதைக் கவனிக்காமல் அப்படியே உட்கார வைத்தால் திரையில் எல்லாம் பொருந்தும், ரோட்டில் தலையணை தேவைப்படும். இந்திய அளவு கிடையவே கிடையாதா என்றால், உண்டு. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-ல் தேப்குமார் சக்ரவர்த்தி எழுதிய இந்திய உடல் அளவுகள் பற்றிய புத்தகத்தை வெளியிட்டது. வடிவமைப்பாளர்களுக்காகவே செய்தது. நம் பாடத்தில் மெட்டீரியல் டேபிள் பார்க்க டிசைன் டேட்டா புக் அனுமதிக்கிறார்களே, அதன் பக்கத்தில் இதற்கும் ஓர் இடம் தரலாம். 2010-களின் கடைசியில் நிஃப்ட் 'இந்தியா சைஸ்' என்று 25,000 பேரை அளக்கும் திட்டம் போட்டது. அது துணி சைஸுக்காக. அளக்கத் தேர்ந்தெடுத்த ஆறு நகரங்கள் டில்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், பெங்களூரு, ஷில்லாங். சென்னை இல்லை. காசிமேட்டுக்காரர் தோளும் எண்ணூர்க்காரர் காலும் யார் டேப்பிலும் இன்னும் விழவில்லை என்று ஒரு சின்ன வருத்தம் எனக்கு.

இனி எதிர்க்கட்சி.

இந்தக் கட்டுரையை எழுதப் போகிறேன் என்றதும் வகுப்பில் ஒருவன் சொன்னான்: "நம்ம டிப்ளமோ. இன்ஜினியர் சொல்றத வரையறதுதான் நம்ம வேலை. சீட்டு எங்க வரணும்னு நம்மள யார் கேக்கப் போறா?" நான் இரண்டு நாள் இதற்குப் பதில் தேடினேன். பதில் அவன் வாக்கியத்திலேயே இருக்கிறது. வரைவது நாம்தான்! இன்ஜினியர் 'பெடல் பிராக்கெட் இந்தத் தகட்டில்' என்று சொல்வார். எத்தனையாவது மில்லிமீட்டரில் என்று முதலில் கோடு போடுகிற கை டிராஃப்ட்ஸ்மேன் கை. பல சமயம் அந்த எண்ணை யாரும் அப்புறம் மாற்றுவதில்லை. அங்கே ஒரு பாதத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "சார், இங்க வெச்சா எட்டல" என்று ஒரு வார்த்தை சொல்ல முடியுமானால், அதற்கு டிகிரி தேவையில்லை. தவிர, லாரி டிரைவரின் மகளும் லோடுமேனின் மகனும் டிசைன் ஆபீசுக்குள் போவது நம் காலத்தில்தான் நடக்கிறது. அந்த உடம்பு வலியை வீட்டில் பார்த்தவர்கள் நாம். அதையும் வெளியே செருப்போடு கழற்றி வைத்துவிட்டா உள்ளே போவது?

லோடுமேன் என்றதும் ஒன்று. சிமெண்ட் மூட்டை 50 கிலோ. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-ல் ஓர் ஆள் தூக்கும் உச்ச வரம்பாகப் பரிந்துரைத்தது 55 கிலோ. அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு 1991-ல் திருத்திய கணக்கில் எல்லாம் சாதகமாக இருந்தாலே 23 கிலோதான். குனிந்தால், திரும்பினால், தள்ளி நின்று தூக்கினால் அதிலிருந்தும் குறைத்துக்கொண்டே போகவேண்டும். மூட்டை என்பதும் ஒரு டிசைன்தானே? அதன் எடையையும் யாரோ ஒரு மேஜையில் உட்கார்ந்து முடிவு செய்ததுதான். இதைப் பற்றித் தனியே எழுதவேண்டும், இடமில்லை.

இன்னொரு எதிர்வாதம் கொஞ்சம் கனமானது. எங்கள் சாரே சொன்னார்: "கம்ப்யூட்டர் பொம்மைக்கு வேர்க்காதும்மா." உண்மை. நான் வரைந்த அப்பா எட்டு மணி நேரம் ஆனாலும் அப்படியே உட்கார்ந்திருப்பார். அவருக்கு சிறுநீர் முட்டாது, தூக்கம் வராது, இஞ்சின் சூடு தொடையில் ஏறாது. லாரி கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று 2023 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்ததே, 2025 அக்டோபர் 1 முதல் செய்கிற நடுத்தர, கனரக லாரிகளுக்கு. நல்ல சட்டம், மறுக்கவில்லை. ஆனால் நான் அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "லைன்ல நிக்கும்போது இஞ்சின ஆஃப் பண்ணிடுவோமே, அப்ப ஏ.சி. எப்புடி ஓடும்?" இஞ்சினை ஓட விட்டால் டீசல் கணக்கு. முதலாளி கேட்பார். ஓடுகிற லாரியை நினைத்து வடிவமைத்தால் ஏ.சி. இஞ்சினோடு சேரும். நிற்கிற லாரியையும் நினைத்திருந்தால் காற்று வருகிற ஜன்னல், வெயில் மறைப்பு, கூரையில் சூடு தாங்கும் பூச்சு, தனி பேட்டரியில் ஓடும் விசிறி என்றெல்லாம் யோசனை போயிருக்கும். பொம்மைக்கு இது தெரியாது. பொம்மையை வைத்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. பொம்மையும் வேண்டும், டீக்கடையில் நிற்கிற டிரைவரிடம் போய்க் கேட்பதும் வேண்டும், இரண்டும் முதல் கோட்டுக்கு முன்னால் வேண்டும். சார் சொன்னதில் பாதி சரி என்று ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியாக நம் கல்லூரிக்குள்ளேயே வருகிறேன். மெஷின் ஷாப்பில் மூன்றாவது லேத்துக்குக் கீழே ஒரு பலகை கிடக்கும், பார்த்திருக்கிறீர்களா? அது எங்கள் பலகை. லேத் சுழலும் அச்சு, நின்று வேலை செய்பவரின் முழங்கை உயரத்தில் இருந்தால் தோள் தளர்வாக இருக்கும். எனக்கு அது மார்புக்கு வருகிறது. சக் கீயைத் திருப்பத் தோளைத் தூக்கவேண்டியிருக்கிறது. அதனால் நாங்கள் மெக்கானிக்கல் பெண்கள் நாலு பேரும் பலகை மேல் ஏறி நின்று ஓட்டுகிறோம். முதல் வருஷம் பையன்கள் கிண்டல் செய்தார்கள். இப்போது உயரம் குறைவான பையன்கள் இரண்டு பேர் சத்தமில்லாமல் அதே பலகையைக் கேட்கிறார்கள்! பலகை ஆடுகிறது என்பது வேறு விஷயம். கூலண்ட் எண்ணெய் பட்டால் வழுக்கும். அதற்கு அடியில் ரப்பர் ஒட்டி, மேலே சொரசொரப்புத் தகடு அடித்து, மூன்று உயரம் மாற்றுகிற மாதிரி ஒரு மேடை வரைந்து ஷாப் சாரிடம் கொடுத்திருக்கிறோம். ஸ்க்ராப்பில் இருக்கும் ஆங்கிளிலேயே செய்துவிடலாம், வெல்டிங் நாங்களே செய்கிறோம் என்றும் சொல்லியிருக்கிறோம்.

அந்த மேடையை வரைவதற்காகத்தான் ஒரு நோட்டு போட்டோம். நூறு பக்கக் கோடு போட்ட நோட்டு. கேட் லேபில் ஜன்னலோரம் தொங்குகிறது, பக்கத்தில் அம்மாவின் டேப்பும். பெயர் எழுதவேண்டாம், ஆணா பெண்ணா, வயசு, ஒன்பது அளவு மட்டும். இதுவரை நாற்பத்தாறு பேர் எழுதியிருக்கிறார்கள். ஆபீஸ் அட்டெண்டர் அண்ணனும் கேன்டீன் அக்காவும்கூட எழுதினார்கள். கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, மூட்டுக்கு மூட்டு ஊசி போட்டு, பத்தில் ஒரு பங்கு அளவில் மூன்று பொம்மையும் செய்திருக்கிறோம்: ஒரு குட்டை, ஒரு நெட்டை, ஒன்று எங்கள் அப்பா. கம்ப்யூட்டர் கிடைக்காத நேரத்தில் பேப்பர் டிராயிங் மேலேயே அவற்றை உட்கார வைத்துப் பார்க்கலாம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு எதை வரைகிறவரும் எடுத்துப் போகலாம், திருப்பிக் கொண்டுவந்து வைத்தால் சரி.

உங்கள் வீட்டில் மீன்பாடி வண்டி மிதிப்பவர், தையல் மெஷின் ஓட்டுபவர், வாட்ச்மேன் நாற்காலியில் ராத்திரி முழுக்க உட்காருபவர் யாராவது இருந்தால் அவர்களின் அளவையும் எடுத்து வந்து எழுதுங்கள். டேப் வேண்டுமென்றால் சனிக்கிழமை எடுத்துப் போய் திங்கட்கிழமை தந்துவிடவேண்டும். அம்மா தையலுக்குத் தேடுகிறார்.

– மூன்றாம் ஆண்டு மாணவி, இயந்திரவியல் பிரிவு